முடிவு மாறினால் கதை மாறாதா?

"முதல் கோணல் முற்றும் கோணல்" என்பது நம் முன்னோர் வாக்கு. முதல் நேராகவே அமைந்து, முற்றும் மட்டும் கோணலாகிவிட்டால் அதை என்னவென்று சொல்வது? 'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாள்முதல் எங்கள் வகுப்பில் அடிக்கடி எழும் கேள்வி இது. மதிய உணவு வேளையிலும் எழுகிறது. மறைக்கல்வி வகுப்பு முடிந்த பிறகும் எழுகிறது. எனவே பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் கருத்தை இந்த ஆண்டு மலரில் முறையாக எழுதிவைத்துவிடலாம் என்று துணிந்தோம். அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் பெற்றோரும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

முதல் பாகம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் வந்தது. இடையில் ஏழு மாதங்கள். இந்த ஏழு மாதங்களில்தான் எங்களில் பலர் ஐந்து பாகங்களையும் படித்து முடித்தோம். அதுவரை 'புது வெள்ளம்', 'சுழற்காற்று', 'கொலை வாள்', 'மணிமகுடம்', 'தியாகச் சிகரம்' என்ற பெயர்கள் பாட்டிமார் வாயில் மட்டும் கேட்ட பெயர்களாக இருந்தன. படம் அவற்றை எங்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நன்றியை முதலில் சொல்லிவிட வேண்டும். நன்றி மறப்பது நன்றன்று அல்லவா!

படத்தின் சிறப்புகளையும் மறைக்க விரும்பவில்லை. எழுபதாவது தேசியத் திரைப்பட விருதுகளில் முதல் பாகம் நான்கு விருதுகளைப் பெற்றது. சிறந்த தமிழ்ப் படம், பின்னணி இசை, ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்பு ஆகிய நான்கும் தகுதிக்குக் கிடைத்த பரிசுகளே. 1958-லேயே எம்.ஜி.ஆர். இக்கதையைப் படமாக்கும் உரிமையை வாங்கியும் அது நிறைவேறவில்லை. அப்படிப்பட்ட மலையை இயக்குநர் மணிரத்னம் ஏறிக் காட்டினார். ஆனால் சிகரத்தை அடையும் நேரத்தில் அவர் வேறொரு பாதையில் இறங்கிவிட்டார் என்பதுதான் எங்கள் வருத்தம்.

இது நம் ஊர்க் கதை

"ஒரு கதைக்காக இவ்வளவு வருத்தமா?" என்று சிலர் கேட்கக்கூடும். இக்கதை நமக்கு எட்டாத தேசத்துக் கதையன்று. இதை எழுதிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-இல் மாயவரத்துக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் பிறந்தவர். நம் திருச்சியில் நேஷனல் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் அழைத்தபோது, பள்ளி இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில், படிப்பைத் துறந்து வெளியேறியவர். பொதுத் தேர்வை எதிர்நோக்கி நிற்கும் எங்களுக்கு அந்தத் துறவின் கனம் நன்றாகவே புரிகிறது!

கதை மாந்தரும் நம் அக்கம்பக்கத்தவரே. மதுரைச் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர்; அது வானதியின் ஊர். அங்கே மூவர் கோயில் இன்றும் நிற்கிறது. லால்குடிப் பக்கம் கொள்ளிடக் கரையில் அன்பில். அது முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயரின் ஊர். அரியலூர்ச் சாலையில் போனால் கீழப்பழுவூர். பழுவேட்டரையர்களின் நாடு அது. பாலக்கரையிலிருந்து திருவரங்கத்துக்குப் போகும்போது நாம் கடக்கும் ஆறுதான் கதையின் தலைப்பிலே உள்ள பொன்னி. ஆகவே இக்கதையில் யார் விடுபட்டுப் போனாலும், நம் தெருவில் ஒரு வீடு காணாமற் போனது போலவே எங்களுக்குத் தோன்றுகிறது.

மூன்றரை ஆண்டுகள் காத்த மகுடம்

1950 அக்டோபர் 29-இல் 'கல்கி' வார இதழில் தொடங்கிய இத்தொடர் 1954 மே 16-இல் முடிந்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரம் தவறாமல் தமிழ் வீடுகளில் இக்கதை படிக்கப்பட்டது. மணியம் வரைந்த படங்களோடு பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தைத்து வைத்த வீடுகள் எத்தனையோ! அவ்வளவு காலம் வாசகரைக் காக்கவைத்த கேள்வி ஒன்றே: மகுடம் யார் தலையில் ஏறும்?

கல்கி தந்த விடை வியப்பானது. போட்டியிட்டவன் தலையில் அது ஏறவில்லை. தகுதியெல்லாம் நிறைந்த அருள்மொழிவர்மர் தலையிலும் அப்போது ஏறவில்லை. பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுத்துத் தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதன் தலையில் ஏறியது. பிறந்தவுடன் இறந்துவிட்டதென்று கருதிப் புதைக்கக் கொடுக்கப்பட்ட குழந்தை அவன். வாய் பேச முடியாத வாணி அம்மை அக்குழந்தை உயிரோடிருப்பதைக் கண்டு தன் மகனாகவே வளர்த்தாள். அவனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். அரண்மனையில் மதுராந்தகன் என்ற பெயரில் வளர்ந்தவனோ மந்தாகினியின் பிள்ளை. இந்த இரகசியத்தைத் தாங்கிக்கொண்டு செம்பியன் மாதேவி ஒவ்வொரு நாளும் பட்ட வேதனை கதை முழுவதும் ஓர் அடிநாதமாக ஒலிக்கிறது. பட்டம் சூட்டும் நேரத்தில் அருள்மொழிவர்மர் மகுடத்தை எடுத்து, அதை ஒருபோதும் விரும்பாத அந்தப் பூக்காரனுக்குச் சூட்டுகிறார். ஐந்தாம் பாகத்தின் பெயர் 'தியாகச் சிகரம்' என்று ஏன் அமைந்தது என்பது அந்த இடத்தில்தான் விளங்குகிறது.

திரைப்படத்தில் சேந்தன் அமுதன் வருகிறான். ஆனால் இந்த இரகசியம் வரவில்லை. மகுடம், அதற்காகவே சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே கிடைக்கிறது. குழந்தை மாறிய கதை இல்லாததால், செம்பியன் மாதேவியின் துயரத்துக்கும் பாதிக் காரணம் இல்லாமற் போகிறது. நாவலில் இல்லாத இராஷ்டிரகூடப் போர் ஒன்று முடிவில் வந்து இடத்தை நிரப்புகிறது. யானைகளும் குதிரைகளும் வாள்களும் திரை முழுவதும் நிறைந்திருந்தன. எங்கள் மனம் மட்டும் நிறையவில்லை.

மணிமேகலை எங்கே?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கடம்பூர்ச் சம்புவரையர் மகள் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலைப் படிக்காதவர்களுக்கு அவள் யாரென்று சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

தமையன் கந்தமாறன் தன் நண்பன் வந்தியத்தேவனைப் பற்றிப் புகழ்ந்து பேசியதைக் கேட்டே அவனிடம் மனத்தைப் பறிகொடுத்தவள் மணிமேகலை. அவன் மனம் குந்தவையிடம் இருப்பது தெரிந்தும் அவளுடைய அன்பு குறையவில்லை. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலர் கொலையுண்டபோது பழி வந்தியத்தேவன் மீது விழுகிறது. அப்போது, "நான்தான் கொன்றேன்" என்று அந்தப் பழியைத் தன் தலையில் ஏற்கிறாள். இறுதியில் சித்தம் கலங்கி, வந்தியத்தேவன் மடியிலேயே உயிர் துறக்கிறாள். அந்த அத்தியாயத்துக்குக் கல்கி இட்ட பெயர் 'மலர் உதிர்ந்தது!' என்பது. அதுதான் நாவலின் கடைசி அத்தியாயம்.

இதைத் தோழியர் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அரசர்களும் சேனாதிபதிகளும் ஒற்றர்களும் சதிகாரர்களும் நடமாடிய இத்தனை பெரிய கதையில், கடைசிப் பக்கத்தை எழுத்தாளர் யாருக்கு ஒதுக்கினார்? பட்டாபிஷேகத்துக்கு ஒதுக்கவில்லை, போர்க்களத்துக்கு ஒதுக்கவில்லை. மகுடமும் இல்லாத, மணமாலையும் கிடைக்காத, ஏறக்குறைய நம் வயதுடைய ஒரு பெண்ணுக்கு ஒதுக்கினார். அருள்மொழிவர்மரின் தியாகத்தை நாடே பார்த்து ஆரவாரம் செய்தது. மணிமேகலையின் தியாகத்துக்கு ஆரவாரம் இல்லை. அப்படியிருந்தும் சிகரத்தின் உச்சியில் கல்கி அவளை வைத்தார் என்றே நாங்கள் கருதுகிறோம். பிறருக்காகத் தன்னையே கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோமே, அதற்கு இவளைவிட நல்ல உதாரணம் எந்தக் கதையில் கிடைக்கும்?

"ஆனால் அவள் சொன்னது பொய்யல்லவா?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. பொய் பொய்தான், அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தன்னைக் காத்துக்கொள்ளப் பிறர்மேல் பழி போடும் பொய்க்கும், பிறரைக் காக்கத் தன்மேல் பழி போட்டுக்கொள்ளும் பொய்க்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பார்க்க வைக்கிறாள் அவள். விவாதிக்கத் தகுந்த அப்படிப்பட்ட பாத்திரத்தைத்தான் படம் நம்மிடமிருந்து எடுத்துவிட்டது.

வானதிக்கும் பூங்குழலிக்கும் நேர்ந்தது இதில் ஒரு கிளைக்கதை. நாவலில் வானதி பயந்த பெண்ணாகத் தொடங்குகிறாள், தொட்டதற்கெல்லாம் மூர்ச்சையாகிறாள். அவள் அரியாசனத்தை ஆசைப்படுகிறாள் என்று பூங்குழலி ஏளனம் செய்தபோது, "சிங்காதனத்தில் அமரவே மாட்டேன்" என்று சபதம் செய்யும் அளவுக்கு வளர்கிறாள். பின்னர் வெள்ளத்தில் மிதக்கும் கூரையின்மேல் அவள் தத்தளிக்கும்போது, அதே பூங்குழலிதான் படகோடு வருகிறாள். பிணக்கு கொண்ட இரு பெண்கள் ஆபத்தில் தோழியராகும் அந்தக் காட்சி எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த ஒன்று. படத்தில் வெள்ளமும் இல்லை, கூரையும் இல்லை, சபதமும் இல்லை. ஓடக்காரப் பெண் பூங்குழலி அரசியாகும் அதிசயமும் இல்லை. நந்தினியும் குந்தவையும் நன்றாகவே படைக்கப்பட்டிருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர்கள் இருவரும் ஏற்கெனவே அரண்மனையில் இருப்பவர்கள். சின்னப் பெண்கள் பெரியவர்களாக வளரும் பாதைதான் வெட்டப்பட்டுவிட்டது.

மறுப்பவர்க்கு மறுமொழி

எதிர்க்கட்சியின் வாதங்களையும் கேட்க வேண்டுமல்லவா?

முதல் வாதம்: "ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்தில் எப்படிச் சொல்ல முடியும்? சுருக்கத்தானே வேண்டும்?" உண்மை. சுருக்குவதைக் குறை கூறவில்லை. துணி வெட்டாமல் சட்டை தைக்க முடியாது. ஆனால் கையை வெட்டினால் அரைக்கைச் சட்டையாகும். கழுத்தை மூடித் தைத்துவிட்டால் அது சட்டையாகாது. துணைக் கதைகளை விட்டுவிடலாம். கதை எதை நோக்கி ஓடியதோ அதை விட்டுவிடலாமா? மேலும், புதிதாக ஒரு போரைச் சேர்க்க நேரம் இருந்ததே!

இரண்டாம் வாதம்: "உத்தம சோழர் செம்பியன் மாதேவியின் மகன்தானே? படம் வரலாற்றின்படி இருக்கிறது." நாவலும் வரலாற்றின்படியே இருக்கிறது. சேந்தன் அமுதனும் செம்பியன் மாதேவியின் மகனே. அவனே உத்தம சோழன் என்ற பெயரோடு முடிசூடுகிறான். உத்தம சோழருக்குப் பிறகு 985-இல் முதலாம் இராஜராஜர் ஆட்சிக்கு வந்தார் என்பது வரலாறு. காட்டுமன்னார்கோயிலுக்கு அருகில் உடையார்குடிக் கோயிலிலுள்ள இராஜராஜர் காலக் கல்வெட்டு, கரிகாலரைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசன் முதலானோரைக் குறிப்பிடுகிறது. கல்வெட்டு சொல்லாத இடங்களில்தான் கல்கி தம் கற்பனையை நட்டார். ஆகவே வரலாறு இரண்டு முடிவுகளுக்குமே இடம் கொடுக்கிறது. எந்த முடிவு மனத்தை உயர்த்துகிறது என்பதே கேள்வி.

மூன்றாம் வாதம்தான் வலிமையானது: "விரும்பாதவனுக்குக் கொடுப்பதைவிட, தன்னை எதிர்த்தவனுக்கே மகுடத்தைக் கொடுப்பது பெரிய தியாகம் இல்லையா? பகைவரை நேசியுங்கள் என்றுதானே நற்செய்தி சொல்கிறது?" இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிறிது நேரம் நாங்கள் வாயடைத்துப் போனோம். உண்மையில் இது உயர்ந்த எண்ணம். கெட்ட குமாரன் உவமையில் திரும்பி வந்த மகனுக்கு மோதிரமும் புது ஆடையும் கிடைக்கின்றன. ஆனால் அம்மகன் பன்றிகளின் தவிட்டைத் தின்ன ஆசைப்பட்டதையும், தன் நிலையை உணர்ந்ததையும், நெடுவழி நடந்து வந்ததையும் உவமை நமக்குக் காட்டிய பிறகே விருந்து நடக்கிறது. படத்தில் மதுராந்தகன் உள்ளம் பக்குவப்படும் அந்த நெடுவழி நடை போதுமான அளவு இல்லை. நடையில்லாமல் விருந்து மட்டும் வைத்தால் அது மன்னிப்பாகத் தோன்றாமல் அவசரமாகத் தோன்றுகிறது. இயக்குநர் இந்த முடிவைத்தான் விரும்பினார் என்றால், போர்க்களத்துக்குக் கொடுத்த நேரத்தை அவன் மனக்களத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

உலகெங்கும் உள்ள வருத்தம்

முடிவைக் கண்டு வாசகர் வருந்துவது நமக்கு மட்டும் வந்த நோயன்று. 1893-இல் ஆர்தர் கானன் டாயில், துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸை ஓர் அருவியில் விழச்செய்து கதையை முடித்தார். வாசகர் விடவில்லை, பத்தாண்டு கழித்து 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பிவர வேண்டியதாயிற்று. ஜப்பானில் 1995, 1996-ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' என்ற அனிமே தொடரின் முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. 1997-இல் திரைப்படமாக வேறொரு முடிவு வந்தது. அதைப் பற்றியும் இன்றுவரை சண்டை ஓயவில்லை. எங்கள் அண்ணன்மாரும் தம்பிமாரும் அனிமே முடிவுகளைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் வாதிடும்போது இனி நாங்கள் சிரிக்கப் போவதில்லை. அவர்கள் வலியும் எங்கள் வலியும் ஒன்றே.

ஏன், கல்கியே இதிலிருந்து தப்பவில்லை! 1954-இல் தொடர் முடிந்ததும், கதை திடீரென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்ட வாசகர்கள் உண்டு. இன்னார் என்ன ஆனார், இன்னாருக்கு மணமாயிற்றா என்று கேட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முடிவுரை எழுதி, சமூக நாவலைப் போல வரலாற்று நாவலை முடிக்க இயலாது என்பதை விளக்கி, அவர்கள் கேள்விகளுக்கு விடையும் தந்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானார். வாசகரின் ஏமாற்றத்தை ஓர் அன்பாக மதித்துப் பதில் சொன்ன அந்தப் பண்பை நாங்கள் வணங்குகிறோம். அன்பில்லாதவர் ஏமாற மாட்டார். ஒரு கதையைத் தன்னுடையதாக நினைப்பவர்தாம் அதன் முடிவுக்காக அழுவார்.

நாம் செய்யக்கூடியது

படத்தை மாற்ற நம்மால் முடியாது. மாற்றச் சொல்லவும் இல்லை. இயக்குநர் தாம் கண்ட கதையைச் சொன்னார்; அது அவர் உரிமை. ஆனால் நாளைக்கு ஒரு சிறுமி, "பொன்னியின் செல்வன் எனக்குத் தெரியும், படம் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னால், அவளுக்கு மணிமேகலையை யார் அறிமுகம் செய்வது? அது நம் கடமை.

கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் பல பதிப்பகங்கள் இந்நாவலை மலிவு விலையில் வெளியிடுகின்றன. பெற்றோர் பிறந்தநாளுக்கு ஒரு புத்தாடையோடு ஒரு பாகத்தையும் வாங்கித் தரலாம். ஐந்து பிறந்தநாளில் கதை முடிந்துவிடும். ஆனால் எந்தப் பிள்ளையாலும் அடுத்த பிறந்தநாள்வரை காத்திருக்க முடியாது என்பதை இப்போதே எச்சரித்து வைக்கிறோம்! நூலகப் பாடவேளையில் ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைகளுக்கு மேல்வகுப்பு மாணவியர் வாரம் ஓர் அத்தியாயம் படித்துக் காட்ட அனுமதி தர வேண்டுமென்று சிஸ்டர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அன்று வார இதழ் வந்தவுடன் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க எல்லோரும் சுற்றியிருந்து கேட்டார்களாம். அந்த வழக்கத்தை நம் பள்ளியில் மீண்டும் தொடங்கலாமே.

தோழியரே, படம் பாருங்கள், இசையைக் கேட்டு மகிழுங்கள், கலைஞர்களைப் பாராட்டுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். ஐந்தாம் பாகத்தைக் கையில் எடுங்கள். கடைசி அத்தியாயம்வரை பொறுமையாகச் செல்லுங்கள். ஆரவாரம் எல்லாம் அடங்கிய பிறகு அங்கே ஒரு பெண் உங்களுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு மகுடம் கிடைக்கவில்லை. திரையிலும் இடம் கிடைக்கவில்லை. நம் நெஞ்சிலாவது அவளுக்கு இடம் கொடுப்போம்.